காற்று களவாடிய மருந்து

தந்தி! ஒரு காலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டாலே வீடு கதிகலங்கும். யாருக்கு என்ன ஆனதோ என்று பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஆள் போகும். அந்தத் தந்தி 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு இந்தியாவில் நின்றுவிட்டது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? அவர் என்ஜினீயர் அல்ல. டாக்டர்! பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி.

1839-ம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டில்தான் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் தந்திக் கம்பி கட்டிப் பார்த்தார். அதே ஆண்டில்தான் கஞ்சாப் பிசினை மருந்தாக்கி, அதைப் பற்றி டாக்டர்களுக்கு எழுதினார்.

கம்பி வென்றது. மருந்து தோற்றது.

கல்கத்தாவில் குணம் தந்த மருந்து, லண்டனுக்குப் போனதும் ஏமாற்றியது. ஒரு புட்டி நோயாளியைத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு புட்டி வெறும் தண்ணீர் போலச் சும்மா இருந்தது. இரண்டும் ஒரே மருந்துதான். மருந்தின் வீரியத்தைத் திருடியது யார்? அந்தத் திருடன் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின.

மிட்டாயில் விஷம்

ஓஷானசி அயர்லாந்து நாட்டில் லிமரிக் என்ற ஊரில் பிறந்தவர். எடின்பரோ நகரில் டாக்டருக்குப் படித்து 1829-ல் பட்டம் பெற்றார். பிறகு பிழைப்பைத் தேடி லண்டன் வந்தார்.

அவருக்கு ரசாயனம் என்றால் உயிர். எந்தப் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

அப்போது லண்டன் கடைகளில் குழந்தைகளுக்கு விற்ற மிட்டாய்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளபளத்தன. ஓஷானசி அவற்றை வாங்கிச் சோதித்தார். நிறத்துக்காக ஈயம், பாதரசம் போன்ற விஷங்கள் கலந்திருப்பதைக் கண்டார். 1831-ல் அதைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார்.

அந்த ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தில் காலரா நுழைந்தது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமானார். என்ன செய்வது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை.

இருபது வயதைச் சற்றே தாண்டிய ஓஷானசி, நோய் பரவிய சண்டர்லாந்து நகருக்கே போனார். நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்து போயிருப்பதைக் கண்டார். போன நீரையும் உப்பையும் திரும்ப ரத்தத்தில் சேர்த்தால் நோயாளி பிழைக்கலாம் என்று சொன்னார்.

1832-ல் தாமஸ் லட்டா என்ற டாக்டர் அதைச் செய்து காட்டினார். சாகக் கிடந்தவர்களின் ரத்தக்குழாயில் உப்புநீரை ஏற்றினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள்!

இன்று ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் புட்டியில் சலைன் ஏறுவதை நாம் பார்க்கிறோம். அதற்கு வித்திட்டவர்களில் ஓஷானசியும் ஒருவர்.

கல்கத்தாவுக்குக் கப்பல்

இவ்வளவு செய்தும் லண்டனில் அவருக்கு நல்ல வேலை அமையவில்லை. 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

1835-ல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஓஷானசி அங்கே ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

இங்கிலாந்து மருந்துகள் கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். விலையும் அதிகம். ஆகவே, இந்த நாட்டு மூலிகைகளிலேயே நல்ல மருந்து கிடைக்காதா என்று அவர் தேடினார்.

வெள்ளைக்கார டாக்டர் என்ற மமதை அவரிடம் இல்லை. பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் மதுசூதன் குப்தா. 1836-ல் அதே கல்லூரியில் பிணத்தை அறுத்து, உடற்கூறு பாடத்துக்கு வழிகாட்டிய வைத்தியர் அவர். அந்தக் காலத்தில் அதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

இந்த விசாரணையில் ஓஷானசியின் கண்ணில் பட்ட செடிதான் கஞ்சா. இலையைப் பங்கி என்றார்கள். பிசின் ஒட்டிய பூங்கொத்தைக் கஞ்சா என்றார்கள். பிசினை மட்டும் தனியே திரட்டினால் அது சரஸ். நம் நாட்டு வைத்திய நூல்கள் இந்தச் செடியை வெகு காலமாக அறிந்தவை.

புதுச்சேரிக்கும் பங்கு உண்டு

இந்தக் கதையில் நம் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஓஷானசி பிறப்பதற்கு முன்பே, பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவுக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்ச் செடிகளையும் பறவைகளையும் சேகரித்தார். படம் வரைந்தார். புத்தகம் எழுதினார். புதுச்சேரியில் பல ஆண்டுகள் இருந்தார். இன்று புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த யானத்தில் அதிகாரியாகவும் இருந்தார்.

அவர் இந்தியாவில் சேகரித்த கஞ்சாச் செடி பிரான்சுக்குப் போயிற்று. அதைப் பார்த்த லாமார்க் என்ற விஞ்ஞானி, இது ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிடும் சணற்செடியிலிருந்து வேறுபட்டது என்று கருதினார். 1785-ல் கன்னாபிஸ் இண்டிகா என்று பெயர் சூட்டினார். இந்தியாவின் பெயர் தாங்கிய அந்தப் பெயர்தான் பிறகு மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டப்பட்டது.

முதலில் நாய், பிறகு மனிதன்

ஓஷானசி அவசரப்படவில்லை. கஞ்சாப் பிசின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். ஆகவே சாராயத்தில் கரைத்துச் சத்தை இறக்கினார். சாராயத்தை ஆவியாக்கிக் கெட்டிச் சத்து எடுத்தார். அதையே மறுபடி சாராயத்தில் கரைத்துச் சொட்டு மருந்தும் செய்தார்.

முதலில் நாய்க்கும் பூனைக்கும் கொடுத்தார். அவை தள்ளாடின. ஆடு மாடுகளுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அதன் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுத்தார். காலராக்காரர்களுக்குக் கொடுத்தார். வில்லாக வளைந்து துடிக்கும் ரணஜன்னி நோயாளிகளுக்குக் கொடுத்தார். ரணஜன்னி வந்தால் அந்தக் காலத்தில் பிழைப்பது அபூர்வம். இந்த மருந்தால் துடிப்பு அடங்கியது. சிலர் பிழைத்தார்கள்.

வெறிநாய் கடித்த ஒருவரை அழைத்து வந்தார்கள். தண்ணீரைக் கண்டாலே அலறினார். மருந்து கொடுத்ததும் அலறல் தணிந்தது. விழுங்கவும் முடிந்தது. ஆனால் உயிர் தங்கவில்லை. ஓஷானசி இதை மறைக்கவில்லை. நோயைத் தீர்க்க முடியவில்லை, வேதனையைத்தான் குறைக்க முடிந்தது என்று ஒளிவுமறைவின்றி எழுதினார்.

பிறந்து 40 நாளே ஆன ஒரு குழந்தைக்கு வலிப்பு. வேறு மருந்துகள் எதற்கும் கேட்கவில்லை. ஓஷானசி ஒரு சொட்டில் தொடங்கினார். கடைசியில் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தத் தாயின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

இதே மருந்து அளவு மீறினால் புத்தியைத் தடுமாறச் செய்யும் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை. அளவுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. ஆனால் அந்த அளவுதான் பிறகு எல்லோருடைய காலையும் வாரிவிட்டது.

ஏமாற்றிய புட்டி

1840-களின் தொடக்கத்தில் ஓஷானசி விடுமுறையில் இங்கிலாந்து போனார். கையோடு கஞ்சாவும் கொண்டு போனார். லண்டனில் மருந்துக்கடை நடத்திய பீட்டர் ஸ்கொயர் என்பவர் அதிலிருந்து சத்து இறக்கி விற்கத் தொடங்கினார். 1843-ல் ஓஷானசி, விஞ்ஞானிகளின் பெரும் சபையான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1864-ல் பிரிட்டிஷ் அரசின் மருந்து நூலிலும் கஞ்சாச் சத்து இடம் பெற்றது.

புகழ் பரவியது. புகாரும் கூடவே பரவியது.

ஒரு டாக்டர் பத்துச் சொட்டு கொடுப்பார். நோயாளி நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த மாதம் வேறு கடையில் அதே மருந்தை வாங்கிப் பத்துச் சொட்டு கொடுப்பார், ஒன்றுமே நடக்காது. சரி, இது வீரியமில்லாத சரக்கு என்று கூட்டிக் கொடுப்பார். மூன்றாவது புட்டி புதுச் சரக்காக இருந்துவிடும். நோயாளி பிதற்றுவார், வீட்டார் பதறுவார்கள், பழி டாக்டர் மேல் விழும்.

விக்டோரியா ராணியின் டாக்டர்களில் ஒருவர் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ். 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த மருந்தைக் கையாண்டவர். 1890-ல் அவரும் எச்சரித்தார். சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறுகிறது. ஆகவே மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்றார்.

அபினியில் இந்தத் தொல்லை குறைவு. அதன் சத்தான மார்பீனைத் தனியே பிரித்து, நிறுத்து, அளந்து கொடுக்க முடிந்தது. தண்ணீரில் கரையும் உப்பாக்கி ஊசி வழியாகவும் ஏற்ற முடிந்தது. கஞ்சாப் பிசினோ தண்ணீரில் கரையாது, ஊசியில் ஏறாது. உள்ளே இருக்கும் சத்து எது என்றும் யாருக்கும் தெரியாது. தெரியாத பொருளை எப்படி அளப்பது?

கம்பிக்குக் கவசம்

இதற்குள் ஓஷானசி வேறு உலகத்துக்குப் போய்விட்டார். அது தந்தி உலகம்.

1839-ல் அவர் கட்டிய கம்பி 21 மைல் நீளம். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டல்ஹவுசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் வாய்ப்புக் கிடைத்தது. 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை தந்தி ஓடியது.

நம் நாட்டு வெயிலும் மழையும் லேசுப்பட்டவை அல்ல. ஈரக் காற்றுப் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மண்ணுக்குள் புதைத்தால் மின்சாரம் ஈரத்தில் ஒழுகிப் போகும். ஓஷானசி என்ன செய்தார் தெரியுமா? கம்பியின் மேல் மதராஸ் துணியை இரண்டு சுற்றுச் சுற்றினார். துணியை உருக்கிய கீலில் ஊற வைத்திருந்தார். கூரை ஓடுகளை வரிசையாக வைத்து, அவற்றில் மணலும் குங்கிலியம் போன்ற பிசினும் கலந்து உருக்கி ஊற்றி, அதற்குள் கம்பியைப் படுக்க வைத்தார். காற்றும் ஈரமும் கம்பியை நெருங்க முடியவில்லை.

இந்த வேலையில் அவருக்கு வலது கையாக இருந்தவர் சிவ சந்திர நந்தி என்ற வங்காளி.

1855-ம் ஆண்டு பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்கள் இணைந்தன. 3,000 மைலுக்கு மேல் கம்பி! வாரக்கணக்கில் போன சேதி, நிமிஷத்தில் போயிற்று. 1856-ல் ஓஷானசிக்கு சர் பட்டம் கிடைத்தது.

கம்பியைக் காற்றிலிருந்து காக்கப் பிசினைக் கவசமாக்கினார் ஓஷானசி. ஆனால் அவர் மருந்தாக்கிய பிசினுக்கே காற்றுதான் எதிரி என்பது அப்போது அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது.

திருடன் பிடிபட்டான்

1893-ல் இந்திய அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரம் பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். அந்தச் சமயத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெயின், வங்காளத்துக் கஞ்சாவை ஆராய்ந்தார். கிடங்கில் கிடக்கக் கிடக்கச் சரக்கு வீரியம் இழப்பதை அவர் பதிவு செய்தார்.

1896-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் மூன்று ரசாயன நிபுணர்கள் சரஸிலிருந்து சிவந்த எண்ணெய் போன்ற ஒரு பொருளை எடுத்தார்கள். மார்ஷல் என்ற டாக்டர் அதைத் தாமே சாப்பிட்டுச் சோதித்தார். மருந்தின் வீரியம் குறையக் காரணம், காற்றிலுள்ள பிராணவாயு அதோடு சேர்வதுதான் என்ற முடிவுக்கு வந்தார்.

அரிந்த வாழைக்காயைத் தட்டில் வைத்தால் கறுத்துப் போகிறது அல்லவா? அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் அதைத் தண்ணீரில் போடுகிறார்கள். திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் காறல் வாடை வீசுகிறது. இரும்பு துருவேறுகிறது. இவை எல்லாவற்றிலும் கை வைப்பது பிராணவாயுதான். நாம் உயிர் வாழத் தேவையான அதே பிராணவாயுதான் புட்டிக்குள் புகுந்து மருந்தைக் கெடுத்தது.

உண்மையான சத்து எது என்று தெரிய 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் ரபேல் மெக்கூலமும் யெகியல் காவோனியும் அதைத் தனியே பிரித்து, அதன் அமைப்பைச் சொன்னார்கள். அதன் பெயர் சுருக்கமாக டி.எச்.சி. போதை தருவதும் அதுதான். காற்றுப் படப்பட, இந்தப் பொருள் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் நான்கை இழக்கிறது. கன்னாபினால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. அதற்கு வீரியம் மிகக் குறைவு.

1976-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். திருடன் ஒருவன் அல்ல, இருவர். காற்றைவிட வெளிச்சம் இன்னும் வேகமாகக் கெடுக்கிறது! பக்குவமாக எடுத்து இருட்டில் வைத்தால் ஓராண்டு, ஈராண்டு ஓரளவு தாங்கும்.

செடியில் இருக்கும்போது பிசின் குண்டூசித் தலை போன்ற சின்னஞ்சிறு பைகளில் இருக்கிறது. பை உடையாத வரை அதுவே பாதுகாப்பு. கசக்கினாலும் நசுக்கினாலும் பை உடைந்துவிடும். காய்ச்சிச் சத்தாக இறக்கிவிட்டால் பையே கிடையாது. காற்று நேரே பாய்கிறது.

இப்போது பழைய கதையை நினைத்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதுவரை கல்கத்தாச் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி, வெப்பத்தில் வெந்து, மாதக்கணக்கில் கடலில் கிடந்தது. பிறகு லண்டன் கிடங்கில் கிடந்தது. பிறகு கடையில் வெளிச்சம் படும் அலமாரியில் நின்றது. பாதி காலியான புட்டியில் மீதி இடத்தைக் காற்று நிரப்பியது. நோயாளியின் வீட்டுக்கு வந்து சேரும்போது அதில் என்ன மிஞ்சும்? சில புட்டியில் மிஞ்சியது. சில புட்டியில் மிஞ்சவில்லை. டாக்டர்கள் சலித்துப் போனார்கள். 1932-ல் பிரிட்டிஷ் மருந்து நூல் கஞ்சாவை நீக்கிவிட்டது. அதற்குள் அளவு பிசகாத வேறு மாத்திரைகளும் ஊசிகளும் வந்துவிட்டன. போதைப்பொருள் கட்டுப்பாடுகளும் வந்துவிட்டன.

அமைதியான முடிவு

ஓஷானசி 1860-ஐ ஒட்டி இந்தியாவை விட்டுப் போனார். 1861-ல் தம் பெயரை ஓஷானசி புரூக் என்று மாற்றிக்கொண்டார். 1889-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி, இங்கிலாந்தின் கடற்கரை ஊரான சவுத்சீயில் காலமானார். தம் மருந்தைக் கெடுத்த திருடனின் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே கண் மூடினார்.

வலிப்பு வந்த குழந்தையின் கதை மட்டும் முற்றுப்பெறவில்லை. 2018-ல் அமெரிக்கா, அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத வேறொரு பொருளைக் குழந்தைகளின் கடுமையான வலிப்பு வகைகளுக்கு மருந்தாக ஏற்றுக்கொண்டது. அது சுத்தமாக்கப்பட்டது, அளந்து அடைக்கப்பட்டது, எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. ஓஷானசியின் காலத்தில் இல்லாதவை இவைதான்.

அதற்காகக் கஞ்சா நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சாவோ சரஸோ வைத்திருப்பதும் விற்பதும் நாடு முழுவதும் குற்றம். புதுச்சேரிக்கும் அது பொருந்தும். தெருவில் விற்பவன் கொடுப்பதில் எவ்வளவு வீரியம், என்ன கலப்படம் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது பெரியவர்கள் கடமை.

ஓஷானசியின் தோல்வி நம் வீட்டு மருந்து அலமாரிக்கும் ஒரு பாடம் சொல்கிறது. மருந்துப் புட்டியைத் திறந்து போடாதீர்கள். ஊற்றியதும் மூடியை இறுக மூடுங்கள். பழுப்பு நிறப் புட்டியில் வந்த மருந்தை வெள்ளைப் புட்டிக்கு மாற்றாதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் அழகுக்கு அல்ல, வெளிச்சத்தைத் தடுக்க. மாத்திரையைத் தேவைப்படும்போது மட்டும் உறையிலிருந்து பிரியுங்கள். ஜன்னலோரத்திலும் அடுப்பங்கரையிலும் மருந்து வைக்காதீர்கள். தேதி கடந்த மருந்தை, பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

நிறம் மாறாமல், மணம் மாறாமல், மருந்து தன் சக்தியை இழந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் களவு ஒரு மேதையின் மருந்தையே வீழ்த்தியது. நம் வீட்டுப் புட்டியைக் காப்பாற்ற ஒரு மூடியும் கொஞ்சம் நிழலும் போதும்.